வாவிக்கரையில் வேலை, போக ஒரே ரோடு

கொழும்பில் ஒரு வீதியை மூடினால் பக்கத்து வீதியால் சுற்றி விடலாம். நுவரெலியாவில் கிரகரி வாவியோரம் போகும் பதுளை வீதியிலோ, தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கப் பக்கமோ அந்த வசதி குறைவு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மலை. கண்டியில் வாவியைச் சுற்றிவர வீதி உண்டு என்பதால் ஓரளவு தப்பலாம், அதுவும் பெரஹரா காலத்தில் இல்லை. ஆகவே மலையக நகரத்தில் கரைச்சுவர் கட்டுபவர்கள் மாற்று வழியைத் தேடி நாளைக் கடத்தாமல், பாதி ரோட்டை வைத்துக்கொண்டு நேரத்தைப் பங்கிடப் பழக வேண்டும்.

அனுமதி யாரிடம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துடையவை. மிச்சமானவை பெரும்பாலும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் பொறுப்பு. பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்குத் தனிக் கடிதம் வேண்டும். தோட்ட ரோட்டில் சிறு வாகனங்களை விட நினைத்தால் தோட்டத் துரையிடம் (முகாமையாளரிடம்) எழுத்து மூலம் கேளுங்கள்; மதகுகளை இறங்கிப் பாருங்கள். மூன்று மீற்றர் அகலத் தோட்ட ரோட்டில் ஓட்டோவும் வானும் போகும். ஒரு பஸ் ஏறினால் எதிரில் வரும் தேயிலைக் கொழுந்து லொறிக்கு ஒதுங்க இடமில்லை. கைபேசி வரைபடம் பார்த்து வரும் வெளியூர்க்காரர்கள் நீங்கள் சொல்லாமலே அங்கே திரும்புவார்கள். அதனால் தோட்ட வாயிலில் ஒருவரை நிறுத்துங்கள்.

காலத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல இடைவெளி. மே முதல் தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு மாறும்; அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் மழை குறைந்த காலம். நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்துக்குள் ரோட்டை முழுதாகத் திறந்தே ஆகவேண்டும். மார்ச் கடைசியில் "இன்னும் பத்து நாள்" என்று சொல்லும் கொந்தராத்துக்காரரை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அடுத்து வாகனங்களை எண்ணுங்கள். ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிறு, ஒரு சம்பள நாள் என மூன்று நாள், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கோடு என்று ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். அதன் பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள். 120 மீற்றர் நீளத்துக்குப் பாதி ரோட்டை மூடுகிறீர்கள். சுமை லொறி மேடேறும்போது மணிக்கு 10 கிலோமீற்றர்தான் போகும், ஆக அந்தத் துண்டைக் கடக்கச் சுமார் 45 விநாடி. ஒவ்வொரு பக்கமும் 60 விநாடி விட்டு, துண்டு காலியாக 45 விநாடி பொறுத்தால் ஒரு முழுச் சுற்று 210 விநாடி. மூன்று விநாடிக்கு ஒரு வாகனம் நுழையும் என்றால் ஒரு பக்கம் மணிக்குச் சுமார் 340 வாகனம் போகும். மூடும் நீளத்தை 60 மீற்றராகக் குறைத்தால் அதே கணக்கில் சுமார் 440 போகும்.

நீளத்தைக் குறைக்காமல் விடும் நேரத்தை இரண்டு நிமிடமாகக் கூட்டினாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை கிடைக்கும், ஆனால் மறுபக்கத்தார் மூன்றரை நிமிடம் நிற்க வேண்டும். மணிக்கு 400 வாகனம் வரும் வீதியில் அதற்குள் 23 வாகனம் சேரும். ஒன்றுக்கு 7 மீற்றர் என்றால் 160 மீற்றர் வரிசை. அந்த வால் பின்னாலுள்ள சந்தியை எட்டினால் நகரமே பூட்டிக்கொள்ளும். சிறு துண்டாக மூடி, முடித்து, அடுத்த துண்டுக்குப் போவதே நல்லது. கொந்தராத்துக்காரருக்கு இது பிடிக்காது, ஏனென்றால் பெக்கோவும் (மண் தோண்டும் இயந்திரம்) கொங்கிரீட் கலவையும் அடிக்கடி இடம் மாற வேண்டும். விலை கேட்கும் கட்டத்திலேயே துண்டின் நீளத்தை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

காலை ஆறரை முதல் எட்டு வரையும், பாடசாலை விடும் பகல் ஒன்றரையை ஒட்டிய ஒரு மணித்தியாலமும் இரு பக்கமும் திறந்திருக்கட்டும். கொழுந்து லொறி வரும் நேரங்களை ஒவ்வொரு தொழிற்சாலையிலும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாக்கில் அடைத்த கொழுந்து வெயிலில் நின்றால் சூடேறிச் சிவந்துவிடும், அதை வாட்டும் தட்டில் போட்டும் பயனில்லை. மரக்கறி லொறிகள் கிளம்பும் நேரத்தையும் சந்தையில் கேளுங்கள். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் வந்தால் இரு முனையும் நிறுத்தப்பட வேண்டும். இதைக் கொடி பிடிப்பவர்களிடம் முதல் நாளே சொல்லிப் பழக்குங்கள்.

ரோட்டில் வைக்கும் முறை இது. திறந்த பாதை 3 மீற்றருக்குக் குறையக்கூடாது, வளைவில் குறைந்தது 4. பஸ்ஸின் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்பதை மறந்து கோன் வைத்தால் முதல் பஸ்ஸே அதை நசுக்கும். நுழைவில் 15 முதல் 30 மீற்றருக்குச் சரிவாக, 3 மீற்றருக்கு ஒன்றாகக் கோன். குழி விளிம்பில் கோன் போதாது, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்போ கொங்கிரீட் தடுப்போ வேண்டும். எச்சரிக்கைப் பலகையை வேலையிலிருந்து இத்தனை மீற்றர் என்று அளந்து வைப்பதுதான் வழக்கமான பிழை. அளக்க வேண்டியது வரிசையின் வாலிலிருந்து. வாலுக்கு முன்னுள்ள வளைவுக்கும் முன்னால் பலகை நிற்க வேண்டும். பனிமூட்டம் இறங்கினால் சிவப்புப் பட்டி தெரியாது, ஒளி திருப்பும் பட்டியும் மினுங்கும் விளக்கும் வேண்டும். நிறுத்தும் கோட்டைச் செங்குத்தான இறக்கத்தில் போடாதீர்கள். ஈரத்தில் பிரேக் பிடித்த லொறி வழுக்கும்.

இரு முனையும் ஒன்றையொன்று பார்க்க முடியாவிட்டால் வளைவில் மூன்றாமவர் நிற்கட்டும். வோக்கி டோக்கி இரைச்சலில் கேட்காது. கடைசி வாகனத்தின் சாரதியிடம் ஒரு சிவப்புக் கம்பைக் கொடுத்து மறுமுனையில் வாங்குங்கள். மலைநாட்டு ரயிலில் டெப்லட் (ஒற்றைப் பாதையில் போக ரயிலுக்குக் கொடுக்கும் அனுமதித் தகடு) கைமாறுவது போலத்தான்: கம்பு வராமல் எதிர்ப்பக்கம் திறக்கக் கூடாது.

இனி மண். வாவியோர வேலையில் ரோடு உடைவதற்குப் பெரிய காரணம் தண்ணீரை அவசரமாக இறக்குவது. கரை மண் நனைந்து கனத்திருக்கும், அதைத் தாங்கி நின்றது வாவித் தண்ணீரின் அழுத்தம். அது திடீரென்று போனால் உள்ளே தேங்கிய நீர் மண்ணை வெளியே தள்ளும். பொறியியலாளர் வேறு சொல்லாவிட்டால் நாளொன்றுக்கு ஓரடிக்கு மேல் இறக்காதீர்கள். நீர்த்தேக்கமாக இருந்தால் வான்கதவு திறக்கும் செய்தி உங்களுக்கு முன்கூட்டியே வரும்படி ஏற்பாடு வேண்டும்.

கரைக்கு இணையாகத் தாரில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் இரு பக்கமும் ஒவ்வொரு கொங்கிரீட் ஆணி அடியுங்கள். இடைவெளியை நாடாவால் அளந்து, பக்கத்தில் பெயின்டால் திகதியோடு எழுதுங்கள். காலை, மாலை அளந்து பாருங்கள். ஒரு நாளில் சில மில்லிமீற்றர் கூடினாலே கனரக வாகனத்தை நிறுத்திவிட்டுப் பொறியியலாளரை அழையுங்கள். வெடிப்பின் மேல் தாரை ஊற்றி மறைப்பவர்கள் உண்டு. அதன் பிறகு அளக்க ஒன்றும் இருக்காது. குழி எத்தனை மீற்றர் ஆழமோ, குறைந்தது அத்தனை மீற்றர் தள்ளியே வாகனம் ஓட வேண்டும். தோண்டிய மண்ணையும் விளிம்பில் குவிக்காதீர்கள்.

மலைப்பக்க வடிகானை ஒவ்வொரு மாலையும் துப்புரவாக்குங்கள். அது அடைபட்டால் மழைநீர் ரோட்டைக் கடந்து குழிக்குள்தான் விழும். விளிம்பில் மண்மூட்டையை இரண்டு வரிசை அடுக்கி நீரைத் திருப்பிவிடுங்கள். மழைமானி ஒன்று தளத்திலேயே இருக்கட்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரை விழிப்புக்கும், 100ஐ எச்சரிக்கைக்கும், 150ஐ வெளியேற்றத்துக்கும் அளவாகக் கொள்கிறது. 75ஐத் தொட்டதும் தோண்டுவதை நிறுத்துங்கள், 100இல் வீதியை மூடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கடைக்காரர்களுக்கு ஏழு நாள் முன்னரே திகதியோடு துண்டுப் பிரசுரம் கொடுங்கள். கடை வாசலுக்கு 1.2 மீற்றர் அகல நடைபாதை, குழியைக் கடக்கும் பலகையில் கைப்பிடி. ஈரப் பலகை வழுக்கும், மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலை அடியுங்கள். பலகைகள் மூன்று மொழியிலும் வேண்டும். தமிழை அச்சுக்குப் போகுமுன் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எழுத்து மாறி அர்த்தம் கெட்டுப்போன பலகையை மலையகத்தில் யாரும் புதிதாகப் பார்க்கப் போவதில்லை.

சுவர் எழுந்ததும் திறக்க அவசரப்படுவார்கள். 75 மில்லிமீற்றர் பீவீசீ நீர்வடிகுழாய்கள் சுவரில் ஒன்றரை முதல் இரண்டு மீற்றருக்கு ஒன்றாக இருக்கின்றனவா, பின்னால் வடிதுணியும் (மண்ணை மறித்து நீரை விடும் துணி) கல்லும் போட்டார்களா என்று மண் நிரப்புமுன் பாருங்கள். மண்ணை 20 சென்ரிமீற்றர் படையாக இறுக்கியே நிரப்ப வேண்டும். முதல் பெருமழை வரை வாவிப்பக்கத் தடத்தில் லொறியை விடாதீர்கள். ஆணிகளைப் பிடுங்காமல், அந்த மழைக்கு மறுநாள் காலை ஒருமுறை அளந்து பாருங்கள்.