தண்ணீர் வருமுன் அளவு டேப்பைப் பிடியுங்கள்: தூர்வாரும் செலவைச் சரிபார்ப்பது எப்படி

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் ஏறிய பிறகு எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று யாராலும் காட்ட முடியாது. காவிரி டெல்டாவில் நம் பக்கம், தூர்வாரும் பணம் எங்கே போனது என்று கேட்கும் மறியல் பெரும்பாலும் ஜூலையில், கடைமடை (வாய்க்காலின் கடைசிப் பகுதி வயல்கள்) காய்ந்த பிறகுதான் நடக்கிறது. அப்போது அதிகாரி “வெட்டியாச்சு” என்பார், நாம் “வெட்டவில்லை” என்போம், இரண்டுக்கும் அத்தாட்சி கிடையாது. சண்டையை ஏப்ரலுக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்கு முதலில் கிலோமீட்டர் கணக்கை மறந்துவிடுங்கள். 2022-ல் டெல்டா மாவட்டங்களில் 80 கோடி ரூபாயில் 4,964 கி.மீ. தூர்வாரும் பணி எடுக்கப்பட்டது. வகுத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 1.61 லட்சம். இதில் ஆறும் உண்டு, ஆள் தாண்டும் வாய்க்காலும் உண்டு. இந்தச் சராசரியால் உங்கள் ஊருக்கு ஒன்றும் தெரியாது. எந்த ஆட்சி வந்தாலும் அறிக்கை கிலோமீட்டரில்தான் வரும், கேட்கப் பெரிதாக இருக்கிறதே. பில் போவது கன மீட்டரில், சில எஸ்டிமேட்டில் பொக்லைன் மணிக்கணக்கில். நெய்வேலிக் காட்டாமணக்கை மட்டும் பிடுங்கிக் கரையில் போட்டாலும் ஒரு கிலோமீட்டர் ஒரு கிலோமீட்டர்தான்.

எஸ்டிமேட்டைக் கையில் வாங்குங்கள்

எந்த வாய்க்கால், எந்தத் துறை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ஆறும், அதிலிருந்து பிரியும் ‘ஏ’ வாய்க்காலும், ‘ஏ’-விலிருந்து பிரியும் ‘பி’ வாய்க்காலும் பொதுவாக நீர்வளத் துறை; அதற்கும் கீழே பிரியும் சிறிய ‘சி’, ‘டி’ என்றால் வேளாண் பொறியியல் துறையாகவோ, ஊரக வேலைத் திட்டமாகவோ இருக்கலாம். தப்பான அலுவலகத்துக்கு எழுதினால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி செயற்பொறியாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதனால் பிப்ரவரியிலேயே அதே வாய்க்காலின் போன வருடக் காகிதங்களைக் கேளுங்கள். இந்த வருட எஸ்டிமேட் ஒப்புதலானதும் இன்னொரு மனு. “ஏன் சரியாக வெட்டவில்லை” என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: ஒப்புதலான எஸ்டிமேட், நெடுக்குவெட்டு, குறுக்குவெட்டு வரைபடங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த லெவல் (அடிமட்ட அளவு), பணி ஆணை, எம்.புக் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) பக்கங்கள். கோப்பை நேரில் பார்க்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது, முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. நகலுக்குக் காத்திருப்பதைவிட இது வேகம். எதை நகல் எடுக்கலாம் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். 30 நாளில் பதில் வராவிட்டால் அதையே மறுப்பாக வைத்து அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

அளப்பது

30 மீட்டர் டேப், நைலான் கயிறு, மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல், பத்து செ.மீ.க்கு ஒரு கோடு போட்ட மூங்கில் கழி. மூன்று ஆள் போதும். பொக்லைன் இறங்குமுன் ஒரு தடவை, வேலை முடிந்து தண்ணீர் வருமுன் ஒரு தடவை, 50 மீட்டருக்கு ஓரிடத்தில். கயிற்றைக் கரைக்குக் கரை மட்டமாகக் கட்டி, நடுவிலும் இரண்டு ஓரத்திலும் கழியை ஊன்றி ஆழத்தைக் குறியுங்கள். அடையாளத்தை மரத்திலோ முளைக்குச்சியிலோ வைக்காதீர்கள். பொக்லைன் முதலில் சாய்ப்பது அதைத்தான். பாலத்துச் சுவர், மதகுச் சுவர் இரண்டும்தான் நிற்கும். அங்கே பெயின்ட் கோடு போட்டு, அந்தக் கோட்டை ஒட்டியே லெவல் எடுங்கள்.

கணக்கு இப்படி. அடி அகலம் 2.5 மீட்டர், கரைச்சரிவு 1:1 (ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு மீட்டர் சாய்வு), படிந்த வண்டல் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சராசரி அகலம் 2.9 மீ., குறுக்குப் பரப்பு 1.16 சதுர மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 1,160 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக 410 யூனிட் மண். அடியில் 15 செ.மீ. மட்டும் வெட்டாமல் விட்டால் 397 கன மீட்டர், சுமார் 140 யூனிட், உள்ளேயே கிடக்கும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. மேலே நின்று பார்ப்பவருக்கு அந்த 15 செ.மீ. தெரியவே தெரியாது.

மண் எங்கே என்றும் பாருங்கள். லாரியில் வெளியே போகவில்லை என்றால் 410 யூனிட்டும் கரையில்தான் இருக்க வேண்டும். இரண்டு கரையிலும் நெடுக, அடியில் 1.2 மீ. அகலமும் 1 மீ. உயரமும் கொண்ட முக்கோண மேடு வரும். கிளறிய மண் என்பதால் உண்மையில் இன்னும் பருமனாகவே இருக்கும். கணுக்கால் உயர மேட்டைக் காட்டி முழு பில் கேட்டால் கேள்வி கேளுங்கள். மேடு கரை விளிம்பிலேயே இருந்தாலும் எதிர்ப்புச் சொல்லுங்கள், முதல் கனமழையில் உள்ளே சரிந்துவிடும். காட்டாமணக்குத் தண்டையும் ஈரக்கரையில் விடக்கூடாது, கணுவில் வேர்விட்டு மறுபடி கிளம்பும்.

இரண்டு தப்பு அடிக்கடி நடக்கும். ஒன்று, பாலத்துக்கு அடியில் இயந்திரக் கை போகாது. இரண்டு பக்கமும் பளிச்சென்று வெட்டி, குழாய்க்குள் வண்டலை விட்டுவிடுவார்கள். தண்ணீர் அங்கே முட்டி நிற்கும். அந்த இடத்துக்கு எஸ்டிமேட்டில் ஆள்கூலி உண்டா என்று பாருங்கள். இரண்டாவது இதற்கு நேர்மாறு: தலைமடையில் (வாய்க்காலின் தொடக்கப் பகுதியில்) எளிதாக மண் வருகிறதென்று மதகின் அடித்தளத்துக்குக் கீழே வெட்டிவிடுவது. வெட்டிய இடத்தின் அடிமட்டம் தாழ்ந்தால் கிளை வாய்க்கால் மதகில் தண்ணீர் ஏறாது. “ஆழமா வெட்டியிருக்கோம்” என்பதை அப்படியே பாராட்டிவிடாதீர்கள்.

வடிகாலை மறக்காதீர்கள். நாகை, திருவாரூர் பக்கம் சம்பா அழுகுவது பாசன வாய்க்காலால் அல்ல, வடியாத வடிகாலால்.

எங்கே கொடுப்பது

பில் போடுமுன் கொடுத்தால்தான் மதிப்பு. உதவிப் பொறியாளரிடம் அளவுத் தாளும் தேதியுள்ள படங்களும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், நகல் செயற்பொறியாளருக்கு. மே 1 கிராமசபை இதற்கென்றே அமைந்த நாள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு பக்கம், ஒரு வாய்க்கால், ஒரு கோரிக்கை என்று போங்கள். பத்து வாய்க்கால் எழுதிய மனுவுக்குப் பொதுவான பதில்தான் வரும்.

சட்டமன்றத் தேர்தல் கோடையில் வந்தால் (2016-ல் மே, 2021-ல் ஏப்ரல்) நடத்தை விதியைச் சாக்குச் சொல்வார்கள். தேதி அறிவிக்குமுன் களத்தில் தொடங்கிய வேலை தொடரலாம். ஆணை வாங்கியும் தொடங்காத வேலைதான் நிற்கும். எனவே “தூர்வாருவோம்” என்ற வாக்குறுதியைக் கேட்டுக்கொண்டிருக்காமல், பணி ஆணையும் களத்தில் வேலை தொடங்கிய தேதியும் அறிவிப்புக்கு முன்னதா என்று பாருங்கள்.

மறியல்தான் வழி என்றால் செய்யுங்கள், ஆனால் தாசில்தார் வந்து “பார்க்கிறோம்” என்றதும் எழுந்துவிடாதீர்கள். கூட்டு அளவீட்டுக்கு ஒரு தேதி, வரப்போகும் பொறியாளரின் பதவி, அதுவரை அந்தப் பில்லை நிறுத்திவைப்பதாக ஒரு வரி. மூன்றும் எழுத்தில், கையெழுத்தோடு.