தூய ஆற்றல் ஆய்வுக்கு விதை நிதி: விண்ணப்பங்கள் சறுக்கும் இடங்கள்

பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் தரும் விதை நிதி சிறிய தொகைதான். காலக்கெடுவும் பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. வெளி நிதி முகமைகளும் முதலீட்டாளர்களும் பணம் போடத் தயங்கும் கட்டத்தில், ‘இது நடக்குமா?’ என்ற ஒரே ஒரு கேள்விக்கு விடை காணக் கொடுக்கப்படும் பணம் அது. ‘நடக்காது’ என்று தெரிந்தாலும் பணம் வீணாகிவிடவில்லை. இதை மறந்து எழுதப்படும் விண்ணப்பங்கள்தான் முதலில் தடுமாறுகின்றன.

மிகப் பரவலான தவறு, பெரிய திட்டத்தைச் சுருக்கி அனுப்புவது. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கும். தொகையை மட்டும் குறைத்துவிட்டு, புதிய பொருள் தயாரிப்பு, அதன் பண்புகளை அளந்தறிதல், கலம் அமைத்தல், முன்மாதிரி, களச் சோதனை என அத்தனையையும் பன்னிரண்டு மாதங்களுக்குள் திணித்துவிடுவார்கள். மதிப்பிடுகிறவருக்கு முதல் பக்கத்திலேயே கதை புரிந்துவிடும். இன்னொரு வகை விண்ணப்பம் இருக்கிறது. அது அடக்கமாகத்தான் இருக்கும். ஆனால் எது எளிதோ அதை மட்டும் செய்து காட்டுவதாகச் சொல்லும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மோசம். முதலாவதில் ஆசையாவது இருக்கிறது.

பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள பொருளால் ஆன சூரிய மின்கலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் ஜப்பானியக் குழு ஒன்று முதன்முதலில் அறிவித்தபோது, ஒளியை மின்சாரமாக மாற்றும் அவற்றின் திறன் 3.8 சதவீதம். இன்று ஆய்வகக் கலங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. ஆகவே ‘திறனை உயர்த்துவோம்’ என்பது இப்போது யாரையும் அசைக்காது. ஈரம், வெப்பம், ஒளி ஆகியவற்றை அந்தப் பொருள் எவ்வளவு காலம் தாங்கும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான பரப்பில் கிடைத்த திறன் பெரிய தகட்டிலும் கிடைக்குமா என்பவைதான் உண்மையான சந்தேகங்கள். சூரியத் தகடுகளுக்கான வழக்கமான ஈரவெப்பச் சோதனை 85 டிகிரி செல்சியஸ், 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம். ஆயிரம் மணி நேரம் என்றால் ஏறக்குறைய 42 நாட்கள். ஓராண்டுத் திட்டத்துக்குள் அதைப் பலமுறை செய்யலாம். ‘எங்கள் பூச்சு இந்தச் சோதனையைத் தாங்குகிறதா என்று பார்ப்போம், பாதித் திறனுக்குக் கீழே இறங்கினால் இந்த வழியைக் கைவிடுவோம்’ என்று எழுதியிருக்கும் இரண்டு பக்க விண்ணப்பம், இருபது பக்கக் கனவைவிட நம்பிக்கை தரும்.

அளவீட்டில் விழும் ஓட்டை

தூய ஆற்றல் துறையில் ஓர் ஆய்வாளர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள வாய்ப்புகள் ஏராளம். அறை வெப்பநிலையில் நைட்ரஜன், நீர், மின்சாரம் ஆகியவற்றைக் கொண்டு அம்மோனியா தயாரிக்கும் முயற்சிகள் இதற்குப் பாடம். அந்தச் சோதனைகளில் உருவாகும் அம்மோனியா மிக மிகக் குறைவு. ஆனால் அம்மோனியா காற்றிலும் இருக்கிறது, மனிதரின் மூச்சிலும் இருக்கிறது. கையுறை, சவ்வு, வாயு உருளை ஆகியவற்றிலிருந்தும் கரைசலுக்குள் நுழையக்கூடும். வினையூக்கியிலேயே ஒட்டியிருக்கும் நைட்ரேட்டும் அம்மோனியாவாக மாறும். கருவி எண்ணைக் காட்டும். அது வினையில் பிறந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று சொல்லாது. 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகவே எடுத்துவைத்தது: நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் வாயுவை வைத்து வெற்றுச் சோதனை செய்ய வேண்டும், நைட்ரஜன்-15 என்ற சற்றுக் கனமான நைட்ரஜன் ஓரிடத்தனிமத்தைக் கொண்டு அளவிட்டும் உறுதிசெய்ய வேண்டும். நைட்ரஜன்-15 வாயு விலை உயர்ந்தது. ஆகவே செலவுத் திட்டத்தில் அதற்கென்று ஒரு வரி இருந்தால், இந்தத் துறையின் பள்ளங்கள் விண்ணப்பதாரருக்குத் தெரியும் என்பது உடனே விளங்கிவிடும். அது இல்லையென்றால், அதுவும் விளங்கிவிடும்.

நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் வினையூக்கிகளிலும் இப்படித்தான். ‘பிளாட்டினம் தேவைப்படாத மலிவு வினையூக்கி’ என்று தலைப்பு வைத்துவிட்டு, சோதனைக் கலத்தின் மறுபக்க மின்முனையாகப் பிளாட்டினத்தையே பயன்படுத்துவார்கள். அது நுண்ணிய அளவில் கரைந்து, சோதிக்கப்படும் மின்முனையில் படியும். நாளாக ஆக வினையூக்கி மேம்படுவதுபோலத் தோன்றும். பிளாட்டினத்துக்குப் பதில் கிராஃபைட் கம்பி ஒன்றை வைத்தால் தீர்ந்துவிடும் சந்தேகம் அது.

லித்தியம் மின்கல (பேட்டரி) ஆய்வில் கண்ணைக் கட்டும் எண் 99. மின்னேற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் 99 சதவீத லித்தியம் திரும்பக் கிடைக்கிறது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் 100 சுற்றுகளுக்குப் பிறகு மிஞ்சுவது சுமார் 37 சதவீதம். 99.9 சதவீதம் என்றால் சுமார் 90 மிஞ்சும். நாணய வடிவச் சோதனைக் கலத்தில் தேவைக்கு மேல் லித்தியத் தகடும் மின்பகுபொருளும் இருப்பதால் இந்த இழப்பு வெளியே தெரிவதில்லை. எவ்வளவு லித்தியம், எவ்வளவு மின்பகுபொருள் என்று குறிப்பிடாமல் சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் பெருமையாகச் சொல்லும் விண்ணப்பத்தை அனுபவசாலிகள் நம்புவதில்லை.

பொருளாதாரம் பிறகு பார்க்கலாமா?

‘இப்போது அறிவியல், விலை பிறகு’ என்பது பாதி சரி. துல்லியமான விலைக் கணக்கை இந்தக் கட்டத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு தாளில் போடக்கூடிய கணக்கைக்கூடப் போடாமல் வருவது சோம்பல். நீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க வெப்பஇயக்கவியல்படி மொத்தம் சுமார் 39 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். சாதாரண நீர் மின்பகுப்புக் கருவியில் வேறெந்த வெப்ப மூலமும் இல்லாமல் அதைவிடக் குறைவான மின்சாரத்தில் செய்துகாட்டுவதாக ஒருவர் எழுதினால், கோப்பு அங்கேயே மூடப்படும். அதேபோல், வினையூக்கியில் இரிடியம் இருந்தால் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சில டன்கள் மட்டுமே கிடைக்கும் உலோகம் அது என்பதை விண்ணப்பமே முதலில் பேசிவிட வேண்டும்.

செலவுத் திட்டத்தில் தொகையின் பெரும்பகுதியை ஒரே கருவிக்கு ஒதுக்குவது இன்னொரு பழக்கம். கருவி கொள்முதல் நடைமுறைகளைத் தாண்டி வந்து, பொருத்தி, இயங்கத் தொடங்குவதற்குள் பாதி ஆண்டு போய்விடும். பொது ஆய்வகத்தில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம். ஓராண்டு நிதியை நம்பிப் பல ஆண்டுகள் படிக்கும் முனைவர் பட்ட மாணவரைச் சேர்ப்பது அந்த மாணவருக்குச் செய்யும் அநீதி. கடிதத்தில் மட்டும் வாழும் இணை ஆய்வாளர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் எந்த மாதத்தில் என்ன செய்வார் என்று எழுதிப் பார்த்தால் பட்டியல் தானாகவே சுருங்கும்.

காப்புரிமை விஷயத்தில் அவசரம்தான் எதிரி. முதல் நல்ல முடிவு வந்ததும் மாநாட்டுச் சுவரொட்டியில் போட்டுவிடுவார்கள். அமெரிக்காவில், முடிவை வெளியிட்ட பிறகும் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் பொதுவாக அது கிடையாது. எல்லோரும் பார்க்கும்படி வைத்த சுவரொட்டியும் வெளியீடுதான். பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்கு முன்னதாகவே ஒரு கடிதம் எழுதுவதில் எந்த நட்டமும் இல்லை.

கடைசியாகக் காலக்கணக்கு. பெரிய நிதி முகமைகள் முடிவு சொல்லப் பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும். விதை நிதி தீர்ந்த பிறகு அடுத்த விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தால் குழு கலைந்துவிடும். எட்டாவது மாதத்தில் அந்த விண்ணப்பம் எழுதப்பட வேண்டுமானால், தீர்ப்புச் சொல்லும் சோதனை ஆறாவது மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். வழக்கமான அட்டவணைகளில் அந்தச் சோதனை பதினோராவது மாதத்தில்தான் இருக்கிறது.