காசநோய் மரபியலுக்குள் வர நினைக்கும் டர்பன் பிள்ளைகளுக்கு

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு வரும் தம்பி தங்கைகள் முதல் நாளே காசநோய்க் கிருமியைக் கேட்கிறார்கள். அவசரம் வேண்டாம். அது ஒருமுறை இரட்டிக்கவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதற்குத் தனிப் பாதுகாப்பு அறையும் வேண்டும். அதன் உறவுக்காரன், வேகமாய் வளரும் ஸ்மெக்மாட்டிஸ் என்ற பாக்டீரியாவில் கை பழகுங்கள். மூன்று நான்கு நாளில் வளர்ப்புத் தட்டில் காலனி, அதாவது கண்ணுக்குத் தெரியும் கிருமிக் கூட்டம், தெரியும்.

முதல் பாடம், மருந்துக்கு அடங்காத கிருமியைப் பிடிப்பது. திரவத்தில் ட்வீன் 80 என்ற சோப்புப் போன்ற பொருளைச் சேர்த்து வளருங்கள். இல்லையென்றால் கட்டி கட்டியாய் ஒட்டிக்கொள்ளும், எண்ணிக்கை பொய்யாகிவிடும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் செங்கல் நிறத்தில் இருக்கும், வெளிச்சம் ஆகாது, அது கலந்த தட்டுகளை ஃபாயிலில் சுற்றி வையுங்கள். கோடிக்கணக்கான செல்களை அந்தத் தட்டுகளில் பரப்புங்கள். அப்புறம் அதே கலவையைப் பலமுறை நீர்த்து, மருந்தில்லாத தட்டிலும் போடுங்கள். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். மொத்தம் தெரியாமல் விகிதம் எப்படி வரும்? பத்துக் கோடிக்கு ஒன்று என்ற அளவில்தான் பிழைக்கும்.

சரி, பிழைத்ததன் ஆர்பிஓபி (rpoB) மரபணுவை, அதாவது ரிஃபாம்பிசின் தாக்கும் புரதத்துக்கான மரபணுவை, வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலும் அங்கே ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருக்கும். காசநோயைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவி நோயாளியின் சளியில் தேடுவதும் அந்தப் பகுதியைத்தான்.

நம் மாகாணத்து டுகேலா ஃபெரி என்ற ஊர் பற்றிய 2006 ஆய்வுக் கட்டுரையையும் படியுங்கள்: கடும் எதிர்ப்புக் காசநோய் (பல மருந்துகளுக்கு அடங்காதது) கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்பு அறைப் பயிற்சிக்கு எழுதிப் போடுங்கள்.