வேலையை விட்டுவிட்டு ஈ.ஐ. எடுக்க நினைப்பவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

கனடாவில் ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்து ஃபக்டரியிலும் வெயார்ஹவுசிலும் வேலை செய்யும் நம் ஆட்களிடம் ஒரு கதை உலாவுகிறது. "வேலை சரிவரவில்லை என்றால் விட்டுவிடு. ஈ.ஐ. வரும், ஆறுதலாக வேறு வேலை தேடலாம்." இதை நம்பித்தான் என் மச்சாள் வேலையை விட்டார். ஒரு சதமும் வரவில்லை. அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஈ.ஐ. என்பது வேலைக் காப்புறுதி. ஒவ்வொரு சம்பளத் துண்டிலும் அதற்கென்று காசு வெட்டுவார்கள். 2025இல் 100 டொலருக்கு 1.64 டொலர். "நான் கட்டின காசு எனக்கு வரத்தானே வேணும்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது உங்கள் பெயரில் சேரும் சேமிப்பு இல்லை, காப்புறுதி. உங்கள் பிழை இல்லாமல் வேலை போனால்தான் காசு. நீங்களாக விட்டால், தகுந்த காரணம் இருந்தது என்றும் விடுவதைத் தவிர வேறு நியாயமான வழி இருக்கவில்லை என்றும் நீங்கள் காட்ட வேண்டும். இந்த இரண்டாவது பாதியில்தான் நம் ஆட்கள் விழுகிறார்கள்.

விண்ணப்ப அலுவல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் வேலை முடிந்த உடனேயே ஈ.ஐ. அலுவல்களைப் பார்க்கும் அரசாங்க அலுவலகமான சேர்விஸ் கனடாவின் தளத்தில் விண்ணப்பம் போடுங்கள். நான்கு கிழமைக்கு மேல் பிந்தினால் காசு போகலாம். முதலாளி அனுப்பும் ஆர்.ஓ.ஈ. (எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள், ஏன் நின்றீர்கள் என்று காட்டும் பதிவுத் தாள்) வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நீங்கள் இருக்கும் பகுதியின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து, கடந்த 52 கிழமைகளுக்குள் 420 முதல் 700 மணித்தியாலம் வரை வேலை செய்திருக்க வேண்டும். கணக்கில் காட்டாமல் கையில் காசு வாங்கிச் செய்த வேலை பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது. கிடைத்தால் சராசரிக் கிழமைச் சம்பளத்தில் 55 வீதம்; 2025இல் ஆகக்கூடியது கிழமைக்கு 695 டொலர். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும். ஒன்பதில் தொடங்கும் சின் நம்பர் (தற்காலிகமாக இருப்பவர்களுக்குக் கொடுக்கும் சமூகக் காப்புறுதி இலக்கம்) வைத்திருப்பவர்களும் வேர்க் பேர்மிட் செல்லுபடியாக இருந்தால் விண்ணப்பிக்கலாம். சரி, இதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள்.

யாரும் சொல்லித் தராதது, வேலையை விடும் கடிதத்தைப் பற்றி.

ஊரில், இலங்கையில், நாங்கள் எப்படி விடுவோம்? மேலாளர் என்ன கொடுமை செய்திருந்தாலும் நல்ல பெயரோடுதான் வெளியே வருவோம். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன், இதுவரை தந்த வாய்ப்புக்கு நன்றி என்று நாலு வரி எழுதிக் கொடுப்போம். நாளைக்கு சேர்விஸ் லெட்டர் வாங்க வேண்டுமே. ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) காசுக்கு எழுதிப்போட்டாலும், மேலாளர் உன்னை என்ன செய்தார் என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. அந்த நல்ல பழக்கம் இங்கே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

மச்சாள் வேலை செய்தது ஒரு சாப்பாட்டுச் சாமான் பொதி செய்யும் இடத்தில். குளிர் அறைக்குள் பெல்ட்டுக்கு முன்னால் நின்றபடி வேலை. புது சுப்பவைசர் வந்த பிறகு, மணித்தியாலத்துக்கு எத்தனை பெட்டி முடித்தாய் என்று எல்லாருக்கும் முன்னால் உரத்து வாசிப்பது, பாத்ரூம் போனால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவது, ஷிஃப்டை முதல்நாள் இரவு மாற்றுவது என்று தொடங்கியது. மச்சாளுக்கு நித்திரை போனது, நெஞ்சு படபடப்பு வந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "டியூ டு பேர்சனல் ரீசன்ஸ்" என்று கடிதம் எழுதி, நன்றியும் சொல்லி, கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஆர்.ஓ.ஈ.யில் 16ஆம் கட்டத்தில் ஓர் எழுத்து இருக்கும். வேலை இல்லாமல் நிறுத்தினால் ஏ. சுகவீனம் என்றால் டி. தானாக விட்டால் ஈ. வேலையால் நீக்கினால் எம். மச்சாளுக்கு ஈ விழுந்தது. அந்த எழுத்தைப் பார்த்தவுடன் சேர்விஸ் கனடாவிலிருந்து அழைத்து விசாரிப்பார்கள். நம்பர் காட்டாமலும் அழைப்பு வரலாம், எடுங்கள்.

அந்த அலுவலர் மரியாதையாகத்தான் கதைத்தார். ஏன் விட்டீர்கள்? மன அழுத்தம் என்றார் மச்சாள். கடிதத்தில் வேறு மாதிரி இருக்கிறதே? சுப்பவைசரைப் பற்றி மேலே யாரிடமாவது முறைப்பாடு செய்தீர்களா? வேறு ஷிஃப்ட், வேறு பிரிவு கேட்டீர்களா? லீவு கேட்டீர்களா? டொக்டர் வேலையை விடச் சொன்னாரா? விடுவதற்கு முன் வேறு வேலை தேடினீர்களா? எல்லாவற்றுக்கும் மச்சாளின் பதில் "இல்லை", அல்லது "வாயால் கேட்டேன்" என்பதுதான். வாயால் கேட்டதை அந்த இடத்தில் இருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள்.

மச்சாள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் அழுததை நான் பார்த்தேன். ஆனால் அந்த அழுகைக்கு ஒரு துண்டுத் தாளும் இல்லை.

தாள் எப்படிச் சேர்ப்பது? முதலாவது, டொக்டர். நம் ஆட்கள் தமிழ் டொக்டரிடம் போனால்கூட தலையிடி, நித்திரை இல்லை என்று மட்டும் சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வேலையிடத்தில் நடப்பதைச் சொல்ல வெட்கம். நீங்கள் சொல்லாவிட்டால் உங்கள் ஃபைலில் அது எழுதப்படாது. பிறகு போய்க் கடிதம் கேட்டால், வேலையை விட்ட பின் வந்த நோயாளி என்றுதான் அவரும் எழுத முடியும். சுப்பவைசர் என்ன செய்கிறார், அதனால் உடம்பு என்ன ஆகிறது என்று வேலையில் இருக்கும்போதே சொல்லுங்கள். இந்தச் சூழலில் வேலை செய்வது உடல்நலத்துக்குக் கூடாது என்று அவர் நினைத்தால், அதை எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, முறைப்பாடு. ஒன்ராறியோவில் வேலையிடத் துன்புறுத்தல் பற்றி முறைப்பாடு வந்தால் விசாரிக்க வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. இமெயிலில் எழுதுங்கள். ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. திகதி, நடந்தது, யார் நின்றார்கள், நீங்கள் கேட்பது என்ன, இது போதும். ஷிஃப்ட் மாற்றி வரும் மெசேஜ்களை அழிக்காதீர்கள். கம்பனி இமெயிலில் இருந்தால் உங்கள் சொந்த இமெயிலுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருங்கள், வேலை முடிந்த அன்றே அந்தக் கதவு பூட்டிவிடும்.

தகுந்த காரணம் என்று சட்டமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. துன்புறுத்தல், பாரபட்சம், உடல்நலத்துக்கு ஆபத்தான நிலைமை, சம்பளத்திலோ வேலையிலோ பெரிய மாற்றம், அளவுக்கு மிஞ்சிய ஓவர்டைம், உங்கள் பிழையில்லாமல் மேலாளர் காட்டும் பகை, பிள்ளையையோ நெருங்கிய உறவையோ பராமரிக்க வேண்டிய நிலை, இன்னும் சில. இன்னொரு வேலை உடனே கிடைக்கும் என்ற நியாயமான உறுதி இருந்து விடுவதும் அதில் உண்டு. ஆகவே புது வேலைக்கான கடிதம் கைக்கு வரும்வரை பழையதை விடாதீர்கள். "வந்து சேர், பார்ப்போம்" என்று போனில் சொன்னதை உறுதி என்று நம்பாதீர்கள்.

மன அழுத்தம் என்ற சொல்லை மட்டும் சொன்னால் போதாது. அந்த அழுத்தம் எதனால், அதை நிறுத்த என்ன செய்தீர்கள் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

உண்மையில் உடம்புக்கு முடியவில்லை என்றால் வேலையை விடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. விடாமல் சுகவீன லீவு எடுங்கள். 600 மணித்தியாலம் இருந்து, டொக்டரின் சான்றிதழும் இருந்தால் ஈ.ஐ. சுகவீனக் கொடுப்பனவு 26 கிழமை வரை கிடைக்கும். முன்பு 15 கிழமைதான், 2022 டிசம்பரில் கூட்டினார்கள். 2025 யூன் முதல் ஒன்ராறியோவில் பாரதூரமான சுகவீனத்துக்கு 27 கிழமை வரை சம்பளமில்லாத, வேலை பாதுகாக்கப்பட்ட லீவும் சட்டத்தில் வந்திருக்கிறது; ஒரே முதலாளியிடம் 13 கிழமை வேலை செய்திருந்தால் போதும். எங்கள் பில்டிங்கில் ஒரு தம்பி இதே மாதிரி நெருக்கடியில் இருந்தார். அவருடைய அக்கா, கடிதம் எழுதவிடாமல் கையைப் பிடித்து டொக்டரிடம் கூட்டிப்போனார். தம்பிக்கு டி விழுந்தது, காசும் வந்தது, தேறி எழுந்து வேறு வேலையும் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் இன்னொரு புத்திமதி வரும். "பொஸ்ஸிடம் சொல்லி லே-ஓஃப் என்று போடுவி." தயவுசெய்து வேண்டாம். பொய்யான ஆர்.ஓ.ஈ. மோசடி. பிடிபட்டால் எடுத்த காசைத் திருப்பிக் கட்டி, மேலே தண்டமும் கட்ட வேண்டும். அகதிக் கோரிக்கையோ பி.ஆர். (நிரந்தர வதிவிட) விண்ணப்பமோ நடந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம்.

ஈ.ஐ. மறுக்கப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். அந்த வேலையின் மணித்தியாலங்களும் அதற்கு முந்தியவையும் புது விண்ணப்பத்துக்கு உதவாது. மச்சாள் இப்போது வேறு இடத்தில் வேலை செய்கிறார். நாளைக்கு அங்கே ஆட்குறைப்பு வந்தால், புதிதாகச் சேர்த்த மணித்தியாலம் மட்டும்தான் கணக்கு. இடையில் வாடகைக்குச் சீட்டுக் காசை முந்தி எடுக்க வேண்டி வந்தது. ஊருக்கு அம்மாவுக்கு அனுப்புவதும் நின்றது. காரணத்தை அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

மறுப்புக் கடிதம் வந்தால் அதை லாச்சிக்குள் வைக்காதீர்கள். 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், காசு கட்டத் தேவையில்லை. அதிலும் மறுத்தால் அடுத்த 30 நாட்களுக்குள் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அதற்கும் கட்டணம் இல்லை. மச்சாள் மறுபரிசீலனையோடு களைத்து விட்டுவிட்டார். நீங்கள் விடாதீர்கள். ஆனால் தனியாகப் போகாமல், உங்கள் பகுதியில் உள்ள சமூகச் சட்ட உதவி மையத்துக்கு முதலில் அழையுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். போகும்போது மறுப்புக் கடிதம், ஆர்.ஓ.ஈ., நீங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதி, டொக்டரின் துண்டு, மெசேஜ்கள் எல்லாவற்றையும் திகதிப்படி அடுக்கிக் கொண்டுபோங்கள்.