ஹூஸ்டன் பக்கம் தனி வீட்டுக்குக் குடிவருகிறவர்களுக்கு: பவளப் பாம்பு

கேட்டி, சுகர் லேண்ட், பியர்லாண்ட் பக்கம் தனி வீடு பார்க்கிறவர்கள் பள்ளிக்கூட ரேட்டிங் முதல் வெள்ளம் வருமா என்பது வரை எல்லாம் விசாரிப்பார்கள். பின்பக்கத் தோட்டத்தில் என்னென்ன ஊரும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. இங்கே பாம்புக்கடி என்றால் அதிகம் காப்பர்ஹெட் என்ற விரியன் வகைப் பாம்புதான். பவளப் பாம்பு கடிப்பது அபூர்வம். ஆனாலும் அதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது: பார்க்க அழகாக இருக்கும், கடித்தாலும் பெரிதாக வலிக்காது. இரண்டும் ஆளை ஏமாற்றும்.

முதலில் தோற்றம். ஒல்லியான உடம்பு, இரண்டு இரண்டரை அடி நீளம், மெழுகு பூசினாற்போல் பளபளப்பு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பட்டைகள். முதுகோடு நிற்காமல் வயிற்றையும் சுற்றி வரும். சிவப்பும் கறுப்பும் அகலம், நடுவே மஞ்சள் மெலிதாக இருக்கும். மூக்கு நுனி கறுப்பு, அதை ஒட்டித் தலையில் ஒரு மஞ்சள் பட்டை. தலை கழுத்தைவிட அகலமாக இருக்காது. படம் எடுக்காது. ஆனால் நல்ல பாம்பு, கட்டுவிரியன் இவற்றின் குடும்பம்தான்.

சிவப்பும் மஞ்சளும் தொட்டுக்கொண்டால் விஷம், சிவப்பும் கறுப்பும் தொட்டுக்கொண்டால் விஷமில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாட்டாகவே சொல்லிக்கொடுப்பார். விஷமில்லாத மில்க் ஸ்நேக்கும் இதே மூன்று நிறத்தில் இருப்பதால் வந்த பாட்டு அது. டெக்சாஸில் பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் நிறம் மாறிப் பிறக்கும் பவளப் பாம்புகளும் உண்டு; மெக்சிகோவைத் தாண்டித் தெற்கே போனால் அந்தப் பாட்டு சுத்தமாக உதவாது. என்னைக் கேட்டால், தள்ளி நின்று ரசிக்க மட்டும் அந்தப் பாட்டு போதும். அதை நம்பிக் கையில் எடுக்க வேண்டாம்.

இதன் குணம் சாது. உதிர்ந்த இலைகளுக்கு அடியிலும் மட்கிய கட்டைக்குக் கீழும் ஒளிந்தே வாழும். சின்னப் பாம்புகளையும் பல்லி வகைகளையும் தின்னும். மிரண்டால் தலையை உடம்புக்கு அடியில் புதைத்துக்கொண்டு வாலைச் சுருட்டித் தூக்கி ஆட்டும். பார்க்கிறவர் வாலைத் தலை என்று நினைத்துக்கொள்வார். துரத்தி வந்து கடிக்காது. கடி வாங்கியவர்களில் பலர் அதைக் கையில் எடுத்தவர்கள்தான். ஆகவே இலைக் குவியலை வாரும்போதும், கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தும்போதும் தடித்த கையுறை போடுங்கள். வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்க வேண்டாம். கலர் கலராக ஏதாவது கிடந்தால் தொடாதே, கூப்பிடு என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

கடித்துவிட்டால்? பல்தடம் சரியாகத் தெரியாமல் போகலாம், வீக்கமும் பெரிதாக இல்லாமல் போகலாம். விஷம் நரம்பைத் தாக்கும் வகை. சில சமயம் 12 மணி நேரம் கழித்துக்கூட இமை சொருகும், பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சுத் திணறும். அதனால் ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடனே 911. கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். தூரத்தில் இருந்து ஒரு போட்டோ போதும். எந்தப் பாம்பு என்று சொல்வது இங்கே முக்கியம், ஏனென்றால் காப்பர்ஹெட்டுக்குக் கொடுக்கும் மருந்து இதற்குக் கேட்காது. இதற்கான விஷமுறிவு மருந்து எல்லா மருத்துவமனையிலும் இருக்காது.

புதிதாக வந்தவர்கள் எமர்ஜென்சி பில்லை நினைத்துத் தயங்குவது எனக்குத் தெரியும். பில்லை அப்புறம் பேசிக் குறைக்கலாம், தவணையும் கேட்கலாம். விஷம் பற்றி ஆலோசனை சொல்லும் பாய்சன் கன்ட்ரோல் மையத்தின் எண் 1-800-222-1222. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். ஊரில் இருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் போனிலும் இதைப் போட்டு வையுங்கள். நீங்கள் ஆபீஸில் இருக்கும் நேரத்தில் தோட்டத்தைக் கிளறுவது பெரும்பாலும் அவர்கள்தான்.