கடை போடுறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

கடை ஆரம்பிக்கலாம்னு முடிவு பண்ணின உடனே பேரு, போர்டு, ரேக் டிசைன்னு இறங்கிடுவாங்க நிறைய பேர். அதெல்லாம் அப்புறம். மொதல்ல ஒரு பேப்பர எடுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு வித்தா கடை நிக்கும்ங்கிற நம்பர மட்டும் கண்டுபிடிங்க.

சரக்கு வித்தாலும் விக்காட்டியும் மாசா மாசம் போற செலவ எல்லாம் கூட்டுங்க. வாடகை, கரண்ட், ஆள் சம்பளம், லோன் வட்டி, அப்புறம் உங்க சம்பளம். "நம்ம கடைதானே"ன்னு இந்தக் கடைசி ஐட்டத்த விட்டுடுறதுதான் வழக்கம், ஆனா வெளிய வேலைக்குப் போனா வர்ற காச விட்டுட்டுத்தானே இங்க உக்காரப் போறீங்க, அது செலவு இல்லாம வேற என்ன? சொந்த இடம்னாலும் வாடகைக்கு விட்டா என்ன வருமோ அத எழுதுங்க.

அடுத்து மார்ஜின், அதாவது விக்கிற விலைல லாபமா நிக்கிற பங்கு. 100க்கு வாங்கி 125க்கு வித்தா 25% லாபம்னு தோணும், ஆனா விக்கிற விலைல பாத்தா அது 20%தான், அதாவது கல்லால விழற ஒவ்வொரு 100லயும் 20தான் செலவுக்கு நிக்கும். மாசச் செலவு 50,000னா 2,50,000க்கு விக்கணும். 25 நாள் கடைன்னா ஒரு நாளைக்கு 10,000, சராசரி பில் 100னா 100 பேர், 10 மணி நேரம் தொறந்திருந்தா 6 நிமிஷத்துக்கு ஒருத்தர் வாங்கியாகணும். இப்ப நீங்க பாத்து வச்சிருக்கிற இடத்துக்கு எதிர்ல ஒரு வேலை நாள், ஒரு லீவு நாள் போய் நின்னு, பக்கத்துக் கடைங்கள்ல இருந்து எத்தன பேர் கைல பையோட வெளிய வர்றாங்கன்னு எண்ணுங்க. சும்மா நடந்து போற கூட்டத்த எண்ணி ஏமாறாதீங்க.

சரக்கு எடுக்கும்போது மார்ஜின மட்டும் பாக்கக் கூடாது, எவ்வளவு வேகமா சுத்துதுன்னும் பாக்கணும். 100 போட்ட பொருள் வாரா வாரம் 5 லாபத்துல போனா வருஷத்துக்கு 260. அதே 100, 30 லாபம் தர்ற பொருள்ல ஆறு மாசம் முடங்கிக் கெடந்தா வருஷத்துக்கு 60தான். ஹோல்சேல்ல மொத்தமா எடுத்தா கொறச்சுத் தர்றேன்னு சொல்லுவாங்க, ஆரம்பத்துல வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா எடுங்க, விக்காதத திருப்பி எடுத்துப்பாங்களான்னு முன்னாடியே கேளுங்க.

தள்ளுபடி போடுறதுக்கு முன்னாடியும் கணக்கு பாருங்க. அந்த 125 பொருளுக்கு 10% கொறச்சா 112.50, லாபம் 25ல இருந்து 12.50 ஆயிடும், அதே லாபத்துக்கு ரெண்டு மடங்கு விக்கணும். கடன் இன்னும் மோசம்ங்க, ஒரு ஆள் 125 தராம போனா போன அசல் 100ஐ எடுக்கவே இன்னும் நாலு பேருக்கு ரொக்கத்துக்கு விக்கணும்.

கையில இருக்கிறத மொத்தமும் இன்டீரியர்லயும் சரக்குலயும் போட்டுடாதீங்க, ஆறு மாசச் செலவாவது தனியா இருக்கட்டும். அக்ரிமென்ட் போடும்போது நடுவுல காலி பண்ணா அட்வான்ஸ் என்னாகும்னு எழுத்துல வாங்கிடுங்க. எந்த மாசம் வரைக்கும் நஷ்டத்துல ஓட்டலாம்ங்கிறதையும் கடை தொறக்குறதுக்கு முன்னாடியே எழுதி வைங்க, தொறந்ததுக்கப்புறம் "இவ்வளவு போட்டாச்சே"ன்னுதான் மனசு சொல்லும். அந்த மாசம் வந்தும் தினசரி நம்பர்ல பாதியக்கூட தொடலேன்னா புதுசா கடன் வாங்கி சரக்கு எறக்காதீங்க, இருக்கிறத அசலுக்காவது தள்ளிட்டு இடத்த காலி பண்ற வழியப் பாருங்க.