தாயில்லாப் பூனைக்குட்டியை வளர்க்க: முதலில் சூடு, அப்புறம்தான் பால்

ஆகஸ்ட் கடைசி. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த்தில் பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் ராத்திரிக் குளிர் இன்னும் விட்டபாடில்லை. காலையில் பக்கத்து வீட்டு ஆயா வேலியோரம் நின்று, "ஏம்மா, உங்க பக்கிக்குள்ள என்னமோ கீச்சு கீச்சுனு கத்துதே" என்றார்கள். (பக்கி என்றால் இந்த ஊரில் பின்னால் சாமான் ஏற்றுகிற சின்ன வண்டி, நாம் திட்டுகிற பக்கி இல்லை.) தார்ப்பாயைத் தூக்கினால் மூலையில் இரண்டு குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. வண்டி முந்தின ராத்திரிதான் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தது. தாய்ப்பூனை 70, 80 கிலோமீட்டருக்கு அப்பால் எங்கேயோ இவற்றைத் தேடிக்கொண்டிருக்கும்.

நான் செய்த முதல் காரியம் பாலைக் காய்ச்சி ஊட்டியது. அன்று சாயங்காலத்துக்குள் ஒரு குட்டி போய்விட்டது. பட்டினியால் அல்ல, என் அவசரத்தால். இதை எழுதுவதற்கே அதுதான் காரணம். மற்றது பிழைத்தது, அதற்கு மிளகு என்று பெயர். இப்போது அது என் கீபோர்டு மேல் படுத்திருப்பதால் எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

எங்கள் கதையில் தாய் வர வழியே இல்லை. உங்கள் தோட்டத்திலோ கராஜிலோ குட்டி கிடந்தால் அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம், குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம், நீங்கள் அங்கேயே நிற்பதால் கிட்டே வரப் பயப்படலாம். குட்டி சுத்தமாக, வயிறு உப்பி, சத்தமில்லாமல் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது, கையை வைக்காதீர்கள். அழுக்காக, சில்லென்று, விடாமல் கத்தினால் உதவி வேண்டும். சந்தேகமாக இருந்தால் கூட்டைச் சுற்றிக் கொஞ்சம் மாவைத் தூவிவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள், சில மணி நேரம் கழித்துப் பாதத்தடம் சொல்லிவிடும். ஆனால் குளிரிலோ மழையிலோ நனைந்து கிடந்தால் சோதனை எல்லாம் வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

தாய்ப்பாலுக்கு ஈடாக எதையும் கடையில் வாங்க முடியாது. விலங்கு நலச் சங்கத்திலோ தெரிந்த வெட்டிடமோ (கால்நடை டாக்டரை இங்கே வெட் என்போம்) பால் கொடுக்கும் பூனை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல தாய்கள் வேற்றுக் குட்டியைச் சேர்த்துக்கொள்ளும்.

சூடு

பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, முதல் வாரத்தில் நடுங்கக்கூடத் தெரியாது. அதன் இயல்பான உடல் சூடே 35, 36 டிகிரிதான். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் குடல் வேலை செய்யாது, உள்ளே போகும் பால் செரிக்காமல் தேங்கிக் கெட்டுப்போகும், விழுங்கும் சக்தி குறைவதால் நுரையீரலுக்குள்ளும் போகும். நான் தெரியாமல் செய்தது இதைத்தான்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் சுண்டுவிரலைக் கழுவிக் குட்டியின் வாய்க்குள் மெல்ல விடுங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்து, விரலைச் சப்பினால் பால் கொடுக்கலாம். உள்ளேயும் சில்லென்றிருந்தால் ஒரு சொட்டுகூடக் கூடாது.

சூடேற்றுவதை மெதுவாகச் செய்யுங்கள், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் ஆகட்டும். அவசரமாகச் சூடேற்றுவதும் ஆபத்து. முதலில் உங்கள் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து, வெந்நீர்ப் பையை இன்னொரு துண்டில் நன்றாகச் சுற்றிப் பெட்டியின் பாதியில் மட்டும் வையுங்கள். மறுபாதி வெறுமையாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி ஊர்ந்து போக இடம் வேண்டுமல்லவா? பெட்டிக்குள் முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி, இரண்டாம் வாரம் 27 முதல் 29, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

மின்சாரக் கம்பளத்தை நான் நம்பவில்லை. லோட் ஷெட்டிங் பழகிய நாட்டில் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் உங்களுக்குத் தெரியாது, குட்டிக்குத்தான் தெரியும். சுத்தமான காலுறையில் அரிசியைப் போட்டு முடிச்சுப் போட்டு மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தால் அரை மணி, முக்கால் மணி நேரம் தாங்கும். கரண்ட் இல்லாதபோது கேஸ் அடுப்பில் தண்ணீர் சுடவைத்துப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றித் துண்டில் சுற்றினேன். எதுவானாலும் உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள். ஆறிப்போன பாட்டிலை அப்படியே விட்டால் அது குட்டியின் சூட்டை உறிஞ்ச ஆரம்பித்துவிடும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

என்ன வயசு?

காய்ந்த தொப்புள்கொடி ஒட்டிக்கொண்டிருந்தால் நாலைந்து நாளுக்கு உட்பட்டது. கண் 7 முதல் 14 நாளுக்குள் திறக்கும், தானாகத் திறக்கட்டும், பிரிக்காதீர்கள். மூன்று வாரத்தில் காது நிமிர்ந்து முன்பல் எட்டிப்பார்க்கும். பிறந்தபோது சுமார் 100 கிராம், இரண்டு வாரத்தில் 200, நாலு வாரத்தில் 400 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிளகு கொடியோடு 104 கிராம் இருந்தது.

எந்தப் பால்

பசும்பால் வேண்டாம். ஆயா ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடு என்றார்கள், எதிர்வீட்டில் அமாசி தயிர் நல்லது என்றார்கள், என் மாமியார் மனிதக் குழந்தைக்குக் கொடுக்கும் பால்பவுடர் டப்பாவையே கொண்டுவந்து வைத்துவிட்டார். எல்லாம் நல்ல மனசுதான். ஆனால் பூனைப்பாலில் பசும்பாலைவிடப் புரதமும் கொழுப்பும் இரண்டு மடங்குக்கு மேல், லாக்டோஸ் குறைவு. பசும்பால் கொடுத்தால் கழிச்சல் வரும், 100 கிராம் உயிருக்குக் கழிச்சல் என்றால் ஒரே நாளில் உடம்பு வற்றிவிடும். வெட்டிடமோ செல்லப்பிராணிக் கடையிலோ 'பூனைக்குட்டிக்கான பால்பவுடர்' என்று கேட்டு வாங்குங்கள், கூடவே சின்ன நிப்பிள் வைத்த பாட்டிலும், ஊசியில்லாத 1 மில்லி, 5 மில்லி சிரிஞ்சும். நிப்பிளில் ஓட்டை இல்லாமல் வரும், நாம்தான் போட வேண்டும். பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டு சொட்டாக விழ வேண்டும், ஒழுகினால் ஓட்டை பெரிது, தூக்கிப்போடுங்கள்.

அளவு தோராயமாக இப்படி, டப்பாவில் போட்டிருப்பதையும் பாருங்கள். முதல் வாரம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 முதல் 6 மில்லி, இரண்டாம் வாரம் 2-3 மணிக்கு ஒருமுறை 6 முதல் 10, மூன்றாம் வாரம் 3-4 மணிக்கு ஒருமுறை 10 முதல் 14, நாலாம் வாரம் 4-5 மணிக்கு ஒருமுறை 14 முதல் 18. ஆமாம், ராத்திரியும்தான். விடியற்காலை ஹடீடா பறவைகள் கூரை மேல் தொண்டை கிழியக் கத்தும்போது நான் ஏற்கெனவே மூன்றாவது பாட்டிலில் இருப்பேன்.

கரைத்த பால் ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் தாங்கும், குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிடுங்கள். சூடேற்ற, பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது, சுமார் 38 டிகிரி.

ஊட்டும் விதம்

குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டுப் பால் கொடுப்பதுபோல் குட்டியைப் பிடிக்காதீர்கள். மல்லாந்த குட்டிக்குப் பால் நேரே நுரையீரலுக்குப் போகும், அப்புறம் நிமோனியா. தாயிடம் எப்படிக் குடிக்கும்? வயிற்றைத் தரையில் வைத்து, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி. அதே மாதிரி ஒரு துண்டின் மேல் குப்புற விடுங்கள், முன்கால் இரண்டும் துண்டைப் பிசையட்டும். நிப்பிளை வாயில் வைத்துக் காத்திருங்கள், அழுத்திப் பீய்ச்சாதீர்கள். சரியாகப் பிடித்துவிட்டால் நாக்கு உருண்டு, காது ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் துடிக்கும். மிளகின் காது துடித்த அந்த முதல் தடவை நான் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அழுதேன், சொன்னால் சிரிப்பீர்கள்.

மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு மூச்சில் கரகரப்பு கேட்டால் அன்றே வெட். குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து முதுகை மெல்லத் தட்டுங்கள், ஒரு துளி ஏப்பம் வரும். இன்னும் கேட்கிறதே என்று அளவுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

மூத்திரம், மலம்

முதல் மூன்று வாரத்துக்கு இவை தானாக வராது, தாய் நக்கித்தான் வரவைக்கும். நீங்கள் ஒவ்வொரு ஊட்டலுக்கும் முன்போ பின்போ வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் வாலுக்குக் கீழே மெல்லத் தட்டித் தடவுங்கள், அரை நிமிடத்தில் பஞ்சு மஞ்சளாகும். மூத்திரம் வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும், அடர்ந்த மஞ்சள் என்றால் நீர் போதவில்லை. மலம் கடுகு நிறத்தில் பற்பசைபோல் தினம் ஒருமுறையாவது வந்தால் சரி. தண்ணீராகப் போனாலோ, இரண்டு நாள் வரவே இல்லையென்றாலோ வெட்டைக் கூப்பிடுங்கள்.

தராசுதான் டாக்டர்

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று, ஒரு கிண்ணம், ஒரு பழைய நோட்டு. தினமும் ஒரே நேரத்தில், ஊட்டுவதற்கு முன் நிறுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். என் நோட்டில் இருப்பது: 104, 113, 125, 137, 137, 133. அந்த இரண்டாவது 137-ஐப் பார்த்துவிட்டு, 'பரவாயில்லை, சுறுசுறுப்பாகத்தானே இருக்கிறது' என்று விட்டேன். மறுநாள் 133, கூடவே கழிச்சல். வெட் கேட்ட முதல் கேள்வி: "ஸ்பூனைத் தலைதட்டிப் போடுகிறீர்களா, குவித்தா?" குவித்துத்தான். சத்து அதிகம் போகட்டுமே என்று அம்மா மனசு. பால் கெட்டியாகிக் குடலைக் கலக்கியிருக்கிறது. அன்றிலிருந்து கத்தியால் தலைதட்டித்தான் போட்டேன். கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தராசுக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால் எடை ஒரு நாள் நின்றால் யோசியுங்கள், குறைந்தால் கிளம்பிவிடுங்கள்.

எதற்கெல்லாம் ஓட வேண்டும்

குட்டி துணிபோல் தொய்ந்து கிடப்பது, சூடேற்றியும் சில்லிட்டே இருப்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, விடாமல் கத்துவது, ஈறு வெளுத்துப்போவது. இதில் ஒன்று இருந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். தொய்ந்துபோன குட்டியைச் சூட்டில் வைத்து, சர்க்கரைக் கரைசலைத் துளியளவு விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள். திறக்காத கண் இமை வீங்கி உருண்டையாக இருந்தால் உள்ளே சீழ், அதுவும் அவசரம்தான்.

தெள்ளுப்பூச்சி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டர்பன் ஈரக்காற்றில் தெள்ளுக்குக் கொண்டாட்டம். நமக்கு வெறும் அரிப்பு, 100 கிராம் குட்டிக்கு ரத்தமே வற்றிவிடும், வெளுத்த ஈறு பெரும்பாலும் அதனால்தான். ஆனால் இந்த வயசில் மருந்து போடக்கூடாது. நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைத் தொடவே தொடாதீர்கள், அதில் பெர்மெத்ரின் இருந்தால் பெரிய பூனையே செத்துப்போகும். நெருக்கமான பல்சீப்பால் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்குங்கள். நிறைய இருந்தால் குட்டியின் உடம்பை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டென்று கழுவி, உடனே துடைத்துச் சூட்டில் வையுங்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பதும் பூனைக்கு விஷம்.

குடற்புழு மருந்தை இரண்டு வாரத்திலேயே ஆரம்பிக்கலாம், எடை பார்த்து வெட் அளவு சொல்வார். பூனைகளுக்கான பொதுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும். ரேபீஸ் ஊசி இந்த நாட்டில் நாய்க்கும் பூனைக்கும் சட்டப்படி கட்டாயம், 3 மாதத்தில் முதலாவது, ஒரு வருடத்துக்குள் இரண்டாவது. எங்கள் மாகாணமான க்வாஸூலு-நாட்டாலில் அந்த நோய் இன்னும் இருப்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பால் மறக்கும் காலம்

நாலு வாரம் ஆனதும் பாலில் குழைத்த குட்டிப்பூனை உணவைத் தட்டையான தட்டில் வையுங்கள். முதல் நாள் சாப்பிடாது, அதில் நடக்கும். அப்போதே ஒரு தாழ்ந்த தட்டில் மணலும் வைத்துவிடுங்கள், நீரில் கட்டிபிடிக்கும் வகை மணல் வேண்டாம், குட்டி அதைத் தின்று பார்க்கும்.

மிளகுக்கு நாலு வாரம் முடிந்தபோது எங்களுக்குப் புரட்டாசி பிறந்திருந்தது. வீட்டில் மீன், கறி எதுவும் உள்ளே வராது, பாத்திரம்கூடத் தனி. இது என்னடாவென்றால் டப்பாக் கோழிக்கறி கேட்கிறது. ஒரு பழைய சாஸரை வெளிக்குழாயடியில் வைத்து, அங்கேயே கொடுத்து அங்கேயே கழுவினோம். ஆயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "அது விரதம் இல்லையாம்மா?" என்றார்கள். மிளகு தலையைத் தூக்கவே இல்லை, மீசையெல்லாம் கறி.